மண் அட்டையில் இல்லாத மூன்று வரிகள்

முதுகலை வகுப்பில் கருப்பொருள் நடத்தும்போதெல்லாம் 'உணா' என்னுமிடத்தில் நாம் சற்று நின்றுவிடுவது வழக்கம். முல்லைக்கு வரகும் சாமையும், குறிஞ்சிக்குத் தினையும் மலைநெல்லும், மருதத்துக்குச் செந்நெல்லும் வெண்ணெல்லும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "நம் ஊருக்கு எது?" என்று கேட்போம். திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகள் முன்பெல்லாம் கம்பு, சோளம், குதிரைவாலி என்று அடுக்குவார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி தயங்காமல் "ரேஷன் அரிசி, ஐயா" என்றாள். வகுப்பு சிரித்தது. விடை என்னவோ சரியானதே.

2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் விலையின்றி என அரிசி வந்தபோது இந்த வானம் பார்த்த பூமியில் அடுப்பெரியாத வீடுகள் எரிந்தன. அதைக் குறை கூறும் உரிமை மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு இல்லை. ஆனால் மானாவாரிக் கரிசலில் விளைந்ததை உண்டவர்கள், நீரில் நின்று விளைந்ததை உண்பவர்களாக ஒரு தலைமுறைக்குள் மாறினார்கள். மாறியது சுவை மட்டுமன்று. தானியத்தின் வழியே உடலுக்குள் நுழையக்கூடிய உலோகமும் மாறியது. இதைப் பற்றி நம் இலக்கிய வட்டத்தில் எவரும் பேசிக் கேட்டதில்லை என்பதனாலேயே இக்கட்டுரை.

வயலில் நீர் நிற்கும்போது மண்ணுக்குள் காற்று அற்றுப்போகிறது. அதுவரை இரும்புத் துகள்களோடு ஒட்டிக்கிடந்த ஆர்செனிக் அப்போது கரைந்து வெளிப்படுகிறது. நெற்பயிரோ சிலிக்கானை விரும்பி உறிஞ்சும் பயிர். அதன் தாளிலும் உமியிலும் கையை அறுக்கும் சுணை அதனால் வந்ததே. சிலிக்கானுக்கென வேரில் அமைந்த வாயிலுக்கு ஆர்செனிக்கை அடையாளம் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் உள்ளே விட்டுவிடுகிறது.

வங்கத்தில் இதன் முழு வடிவத்தையும் காணலாம். ஆற்றுநீரும் குளத்துநீரும் நோய் தருகின்றன என்று ஆழ்துளைக் குழாய்கள் இறக்கினார்கள். நல்ல நோக்கம்தான். 1983இல் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாகா, கைகால்களில் கரும்புள்ளியும் தடிப்புமாக வந்தவர்களிடம் ஆர்செனிக் நஞ்சைக் கண்டறிந்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துத் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகச் சென்று நீரை அளந்தார். முதலில் எல்லோரும் குடிநீரையே பார்த்தனர். அதே நிலத்தடி நீரைப் பாய்ச்சிக் கோடையில் விளைவித்த 'போரோ' நெல்லும் நஞ்சைச் சுமந்து வந்தது பின்னரே உறைத்தது. கல்கத்தாவின் இந்திய வேதி உயிரியல் நிறுவனமும் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, கிலோவுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் உள்ள சோற்றை உண்டவர்களின் உயிரணுக்களில் மரபுச் சிதைவு மிகுந்திருப்பதைக் காட்டியது. அடுத்த ஆண்டே கோடெக்ஸ் அமைப்பு தீட்டிய அரிசிக்குக் கனிம ஆர்செனிக் வரம்பாக அதே அளவை, 0.2 மில்லிகிராமை, வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அதை 0.15 ஆகக் குறைத்துக்கொண்டது.

இங்கே ஓர் இடைச்செருகல். நிறைய நீரில் அரிசியை வேகவைத்து வடித்தால் கனிம ஆர்செனிக்கில் ஏறத்தாழப் பாதி நீரோடு போய்விடும் என்கிறார்கள். சத்தும் ஓரளவு போகும். நம் வீடுகளில் வடிதட்டு இருந்த இடத்தை இப்போது குக்கர் பிடித்துக்கொண்டது. பழமையைப் புகழ்ந்து இங்கே நிறுத்திவிடலாம்தான். ஆனால் அந்த வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தவர்கள் யார் என்பதும் நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

நிற்க. "நாங்கள் சிறுதானியத்துக்குத் திரும்பிவிட்டோம்" என்று சொல்லும் நண்பர்களுக்கும் ஒரு சொல் உண்டு. மானாவாரி நிலத்தில் நீர் நிற்பதில்லை ஆதலால் ஆர்செனிக்கின் தொல்லை குறைவு. காட்மியத்தின் குணமோ நேர் எதிரானது. நீர் நின்றால் கந்தகத்தோடு கூடிக் கட்டுண்டு கிடக்கும். வயல் காய்ந்தால் விடுபடும். சப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில், காமியோகா சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த நெல்லை உண்ட பெண்களுக்கு எலும்புகள் நொறுங்கின. அவர்கள் 'இத்தாய்! இத்தாய்!' (வலிக்கிறது, வலிக்கிறது) என்று கதறியதே நோயின் பெயராயிற்று. அரசு 1968இல்தான் காரணத்தை ஏற்றது. நோய் தலைகாட்டி அப்போது அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

கரிசல் நஞ்சாகிவிட்டது என்று நாம் அச்சுறுத்தவில்லை. உண்மையில் நம் மண் நல்ல காவலாளி. அதன் காரத்தன்மையும் சுண்ணாம்பும் களியும் காட்மியத்தை எளிதில் வேருக்கு விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் காவலாளியின் கைக்கு ஆண்டுதோறும் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டாமா? டி.ஏ.பி. போன்ற உரங்களுக்கு மூலமான பாறைப் பாசுபேட்டில் காட்மியம் இயல்பாகவே உண்டு. அதற்கென ஐரோப்பாவில் 2022 முதல் வரம்பு நடைமுறையில் இருக்கிறது. கண்மாயில் அள்ளும் வண்டலை நிலத்துக்கு அடிப்பது நம் முன்னோர் அறிவு. ஊர்ச் சாக்கடை கண்மாயில் சேராத காலத்து அறிவு அது. இன்னொன்று நாம் பேருந்தில் போகும்போதே பார்ப்பது. களத்தில் பிணையல் மாடுகள் செய்த வேலையை இன்று தார்ச்சாலையில் வண்டிச் சக்கரங்கள் செய்கின்றன. குதிரைவாலிக் கதிர் சாலையில் பரப்பப்பட்டு, டயர் தேய்ந்த தூளோடு சேர்த்து வாரப்படுகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் ஒழிந்தது. அதுவரை சாலையோர மண்ணில் படிந்த ஈயம் மட்கி மறையும் பொருளன்று.

அந்தக் குதிரைவாலியை இன்று விரும்பி வாங்குபவர் யார்? பெரும்பாலும் சர்க்கரை நோயாளர். காட்மியம் சென்று தங்குமிடமோ சிறுநீரகம். தங்கினால் பத்து முதல் முப்பது ஆண்டுவரை பாதிகூட வெளியேறாது. ஏற்கெனவே சர்க்கரையால் நைந்த உறுப்பை நம்பி ஒருவர் மருந்தென உண்ணும் தானியத்தை ஒருமுறையேனும் அளந்து கொடுப்பது நம் கடமையல்லவா?

2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு வரிகள். கார அமில நிலை, உப்பு நிலை, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். அத்தனையும் பயிரின் பசியைப் பற்றியவை. உண்பவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இதே விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசில் ஈயமும் ஆர்செனிக்கும் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2017இல் ஆணையிட்டது. கொளுத்தும் பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்ட நாம், கொளுத்தாமல் விழுங்கும் பொருளில் கேட்கவில்லை.

பெருஞ்செலவு என்பார்கள். வேதியியல் துறை நண்பரிடம் விசாரித்தோம். துத்தநாகத்தையும் இரும்பையும் அளக்கும் அதே அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் விளக்கை மாற்றினால் மண்ணின் காட்மியத்தையும் ஈயத்தையும் அளக்கலாமாம். ஆர்செனிக்குக்கு ஓர் இணைப்புக் கருவி வேண்டும். தானியத்துக்கு இன்னும் நுட்பமான கருவி வேண்டும். எல்லா வயலிலும் ஆண்டுதோறும் அளக்க வேண்டுமென்பதில்லை. உலோகம் மெல்லச் சேர்வது. கிராமத்துக்குச் சில இடங்களில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அருப்புக்கோட்டைக்கு அருகே கோவிலாங்குளத்திலேயே இருக்கிறது. தொடங்க நல்ல இடம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கென ஒரு மனு எழுதியுள்ளோம். "ரேஷன் அரிசி" என்ற அந்த மாணவியின் தந்தைக்கு ஆறு குறுக்கம் மானாவாரி உண்டு. மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. கேட்பது அட்டையில் கூடுதலாக மூன்று வரிகளும், நியாயவிலைக் கடை அரிசிக்கு ஆண்டுக்கொரு சோதனை முடிவும், சாலையை விட்டு இறங்க ஊருக்கொரு உலர்களமும்.