ஆடிய இடம் ஒன்று, கூலி வந்த இடம் வேறு

2025 ஏப்ரலில் ஜிம்மர் ஃபிரடெட் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஓய்வை அறிவித்தார். அடுத்த இரண்டு மாதங்களுக்குள், கல்லூரிகள் தம் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்க வழிசெய்யும் உடன்பாட்டுக்கு அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. இந்த உடன்பாட்டால் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை அறிய ஃபிரடெட்டின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அவர் ஆடியது கார்டு எனப்படும் இடத்தில். பந்தை முன்னெடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு அது. 2010-11 பருவத்தில் யூட்டா மாநிலத்துப் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்காக ஆட்டத்துக்குச் சராசரியாக 28.9 புள்ளிகள் எடுத்து நாட்டிலேயே முதலிடம் பெற்றார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான முக்கிய விருதுகள் அவருக்கே கிடைத்தன. நுழைவுச்சீட்டு விற்றது, தொலைக்காட்சி உரிமை விற்றது. அவருக்குக் கிடைக்கக்கூடியதோ கல்வி உதவித்தொகையும் உண்டி உறையுளும்தான். அவர் பெயரால் எது விற்றாலும் அதில் பங்கு கேட்க விதி இடம் தரவில்லை. உழைப்பை விற்போர் பலர். வாங்குவோர் அனைவரும் ஒரே கூட்டமைப்பில் சேர்ந்து விலையை வரையறுக்கின்றனர். பொருளியலில் இதனை வாங்குவோர் முற்றுரிமை என்போம்.

இன்று பொறுத்தால் நாளை என்பிஏவில் கோடிகள் கிடைக்கும் என்பதே இம்முறைக்குச் சொல்லப்பட்ட நியாயம். 2011 டிராஃப்டில் பத்தாவதாகத் தேர்வான ஃபிரடெட்டுக்கேகூட அது பாதிதான் பலித்தது. கல்லூரியில் அணியே அவரைச் சுற்றி அமைந்திருந்தது. சேக்ரமெண்டோவிலோ அவர் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர். 2014-இல் அவ்வணி அவரை விடுவித்தது. பிறகு சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ், நியூயார்க் என்று சில காலம் அலைந்தார்.

2016-இல் அவர் ஷாங்காய் சென்றார். சீன லீக்கில் ஓர் அணிக்கு வெளிநாட்டவர் மிகச் சிலரே அனுமதிக்கப்படுவர் என்பதால், அந்த ஓரிரு இடங்களில் நிற்பவர் மீதே புள்ளி குவிக்கும் சுமை விழும். என்பிஏவில் மிகையாக இருந்த திறமை அங்கே அருமையானது. முதல் பருவத்தில் சராசரி 37 புள்ளிகளைத் தாண்டியது. 2018 நவம்பரில் ஒரே ஆட்டத்தில் 75 புள்ளிகள் எடுத்தார். அணி ஒரு புள்ளியில் தோற்றது. ரசிகர்கள் அவருக்கு இட்ட பட்டப்பெயரைத் ‘தனிமைப் பெருந்தெய்வம்’ எனலாம். ஜிம்மர் என்ற பெயரின் ஒலியை ஒட்டி எழுந்த சிலேடை அது என்றாலும், தாய்நாட்டில் இடம் கிடைக்காத ஒருவருக்கு அது வேறுவகையிலும் பொருந்திற்று. பின்னர் ஏதென்ஸில் ஒரு பருவம், மீண்டும் ஷாங்காய்.

இப்போது உடன்பாட்டுக்கு வருவோம். முதலாண்டில் ஒவ்வொரு கல்லூரியும் 2.05 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்குப் பகிரலாம். பழைய இழப்புக்கென சுமார் 280 கோடி டாலர் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் அது 2016 முதல் ஆடியவர்களுக்கே. அதற்கு முந்தையோர் சார்பில் மரியோ சால்மர்ஸ் முதலியோர் தொடுத்த வழக்கை, காலவரம்பு கடந்துவிட்டதென 2025 ஏப்ரலில் நியூயார்க் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2008 இறுதியாட்டத்தின் கடைசி நொடிகளில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைத் தோல்வியிலிருந்து மீட்ட கார்டு அவர். அவரும் பின்னாளில் இத்தாலியிலும் கிரேக்கத்திலும் ஆடியவர்தாம். தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் விதியை வகுத்த தரப்பே காலம் கடந்ததால் தப்பிக்கிறது என்பதை என்னால் நியாயமென ஏற்க இயலவில்லை.

இதற்கிடையே போக்குவரத்தின் திசையும் மாறிவருகிறது. 2024-இல் யெகோர் டெமின் என்ற ரஷ்ய இளைஞர் ரியல் மாட்ரிட் கிளப்பை விட்டு, ஃபிரடெட் ஆடிய அதே பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஒரே பருவம் ஆடினார். 2025 டிராஃப்டில் எட்டாவதாகத் தேர்வாகிப் புரூக்ளின் சென்றார். பதின்ம வயதில் அவரைப் பயிற்றுவித்த செலவு மாட்ரிட்டினுடையது.