நஷ்டத்தில் மட்டும் குடும்பமா?

வியாபாரம் படுத்தால் காப்பிக்கடைக் கம்பெனிகள் முதலில் கை வைப்பது பரிமாறுகிறவர் சம்பளத்தில்தான். "நாமெல்லாம் ஒரே குடும்பம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். லாபம் கொழித்த வருஷங்களில் இந்தக் குடும்பம் எங்கே போயிருந்தது?

1950களில் காப்பி போர்டு தன் இந்தியா காப்பி ஹவுஸ்களை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. ஏ.கே.கோபாலன் துணை நிற்க, அந்தத் தொழிலாளர்களே 1957ல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கடைகளை எடுத்து நடத்தினார்கள். அங்கே வயிற்றைக் கட்டினால் அர்த்தம் உண்டு, கடை அவர்களுடையது.

மில் கதவுகள் சாத்தப்பட்டதைப் பார்த்த கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது புரியும். வேலை போய்விடுமே என்ற பயத்தில் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது. முதலில் கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்கள். முதலாளி எடுப்பதையும் குறையுங்கள். லாபம் வந்ததும் பிடித்ததைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுங்கள். பிறகு கையெழுத்துக் கேளுங்கள்.