காலிங் கார்ட் வித்த ஆக்களும் ஸ்டார்ட்அப்தான்

போன எபிசோட்டுக்குப் பிறகு வந்த மெசேஜ்களில பாதி ஒரே கேள்வி: “அண்ணா, யூனிவர்சிட்டியை விட்டிட்டு நானே படிச்சு கொம்பனி தொடங்கட்டா?” கணினி விஞ்ஞானப் பட்டத்தோட கொன்ராக்ட் வேலை செய்யிறவன் நான். பட்டம் தேவையா எண்டு என்னட்டக் கேட்டா பதில் பக்கச்சார்பாத்தான் இருக்கும். அதை விடுவம். எனக்கு அந்தக் கேள்வியே பிழையாப் படுது.

எல்லாரும் சொல்லுற உதாரணம் வட்ஸ்அப்பைத் தொடங்கின யான் கூம். 1992இல, 16 வயசில, உக்ரைனில இருந்து தாயோட கலிபோர்னியாவுக்கு வந்தவர். பழைய புத்தகக் கடையில நெட்வேர்க்கிங் புத்தகங்களை வாங்கிப் படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்தவர். 2014இல ஃபேஸ்புக் 19 பில்லியன் டொலருக்கு வாங்கிச்சு. நல்ல கதைதான். ஆனா அந்தப் புத்தகங்களை வேற ஆரும் வாங்கியிருக்கலாம். ஊரில விட்டிட்டு வந்த தகப்பனோட கதைக்க எவ்வளவு கஷ்டம் எண்ட அனுபவம் அந்தக் கடையில விக்கிறேல்ல.

இதே கஷ்டத்தை எங்கட ஆக்கள் அவருக்கு முதலே பிடிச்சிட்டினம். 2001இல மூண்டு இலங்கைத் தமிழர் ஐரோப்பாவில தொடங்கினதுதான் லீபாரா. லியோன், பாஸ்கரன், ரதீசன்: மூண்டு பேரின்ர பெயரின்ர முன் எழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கோ. முதல்ல காலிங் கார்ட், பிறகு சிம். டவர் ஒண்டும் சொந்தமில்லை. பெரிய கொம்பனியின்ர நெட்வேர்க்கை மொத்த விலைக்கு வாடகைக்கு எடுத்து, தங்கட பெயரில சில்லறையா விக்கிறது. 2017இல ஒரு சுவிஸ் முதலீட்டு நிறுவனம் அதை வாங்கிச்சு.

காலிங் கார்ட்டை இப்ப நாங்கள் சிரிச்சுக்கொண்டு நினைக்கிறம். சுரண்டி, நம்பர் அடிச்சு, பின் அடிச்சு, பிறகு 94. பின்னால இருந்த வேலை சின்னனில்லை: நிமிஷங்களை மொத்தமா வாங்கி, மலிவான பாதையால அனுப்பி, ஒவ்வொரு பின்னிலயும் மிச்சக் காசை அந்த நேரமே கணக்குப் பாக்கோணும். கோட்-டே-நேஜில கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில அந்தக் கார்ட்டுகளைத் தொங்கவிட்ட மாமாவை ஒருத்தரும் ‘ஃபவுண்டர்’ எண்டு கூப்பிட்டதில்லை. கடை, கார்ட், காசு அனுப்புறது, பிறகு கேட்டரிங் எண்டு நாலு தொழில் மாத்தினவரை வேற என்னெண்டு சொல்லுறது? (லிங்க்ட்இன் இல்லாதது அவற்ற குறை.)

2015இல வட்ஸ்அப்பில குரல் அழைப்பு வந்தது. காலிங் கார்ட்டின்ர காலம் முடிஞ்சுது.

இப்ப கியூபெக்கைப் பாருங்கோ. 2022இல நிறைவேறின 96ஆம் சட்டத்தின்படி, புதுசா வந்தவைக்கு ஆறு மாசத்துக்குப் பிறகு அரசாங்கம் எழுதுறது பிரெஞ்சிலதான். சுகாதாரம் மாதிரிச் சில விலக்குகள் இருக்கு. லொங்குய்ய்க்கு மஞ்சள் மெட்ரோவில வீடு வந்து சேர, மேசையில ஒரு கடிதம் கிடக்கும். அம்மம்மா கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு நிப்பா. அதை வாசிச்சு, எங்கட யாழ்ப்பாணத் தமிழில விளக்கி, எந்தத் திகதிக்குள்ள என்ன செய்யோணும் எண்டு சொல்லுறது ஆர்? நீங்கள்தான், பத்து வயசில இருந்து, சம்பளமில்லாமல்.

மொழிபெயர்ப்புச் செயலி இருக்குத்தானே எண்டுவியள். இருக்கு. அது தாற தமிழை அம்மம்மாவுக்கு வாசிச்சுக் காட்டிப் பாருங்கோ. பிறகும் அவ “அப்ப நான் இப்ப என்ன செய்யிறது மோனை?” எண்டுதான் கேப்பா. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுற ஒண்டைக் கட்டுறதுக்குத் தேவையான கோடிங்கைப் பட்டத்தோடயும் படிக்கலாம், யூடியூப்பிலயும் படிக்கலாம்.

கஷ்டமான இடம் வேற. காலிங் கார்ட்டுக்கு அஞ்சு டொலர் குடுக்க ஆக்கள் வரிசையில நிண்டவை. பேரப்பிள்ளை சும்மா செய்யிற வேலைக்கு அம்மம்மா மாசம் அஞ்சு டொலர் தருவாவா? கோட் எழுத முதல் அவவிட்டக் கேளுங்கோ. பிறகு பக்கத்து வீட்டு அம்மம்மாவிட்டயும்.