ஆடுவோரின் ஆக்கமும் உரிமையும்

ஒருவர் உழைத்து ஆக்கிய பொருளை அவர் இசைவின்றி மற்றொருவர் எடுத்து ஆளுதல் தவறு என்பது யாவரும் ஒப்புக்கொண்ட அறம். வயலும் வீடும் போலவே நூலும் இசையும் ஓவியமும் உடைமைகளே. இவ்வுடைமையைக் காப்பதற்கு ஏற்பட்டதே பதிப்புரிமைச் சட்டம். ஆயினும், ஒருவர் ஆக்கியதை அடிப்படையாகக் கொண்டு மற்றொருவர் புதிதாக ஒன்றை ஆக்கினால், அப்புதியது யாருக்கு உரியது? இவ்வினாவிற்கு விடை காண்பது அத்துணை எளிதன்று.

நம் இலக்கண ஆசிரியர்கள் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பிரித்தனர். முன்னோர் நூலைத் தழுவி, வேண்டிய வேறுபாடுகளும் செய்து இயற்றப்படுவது வழிநூல். அதனை அவர்கள் களவு என்று இகழவில்லை. ஆனால், சிறப்புப் பாயிரத்தில் நூலை ஆக்கியவன் பெயரும், அந்நூல் வந்த வழியும் கூறப்பட வேண்டும் என்று விதித்தனர். வந்த வழியை மறைத்தல் முன்னவருக்குச் செய்யும் குற்றம். ஆக்கியவன் பெயரை மறைத்தல் பின்னவருக்குச் செய்யும் குற்றம். இவ்விரு நெறிகளையும் உள்ளத்திற் கொண்டு, கணினி விளையாட்டு உலகில் எழுந்த பூசல்கள் சிலவற்றை ஆராய்வோம்.

கணினி விளையாட்டுகளுள் பல, ஆடுவதோடு முடிந்துவிடுவதில்லை. விளையாட்டை வெளியிடும் நிறுவனமே புதிய ஆட்டக்களங்களை அமைப்பதற்குரிய கருவியையும் உடன் அளிப்பதுண்டு. ஆர்வம் மிக்க ஆட்டக்காரர்கள் அக்கருவியைக் கொண்டு பல நாள் உழைத்துப் புதிய களங்களை ஆக்கி, இணையத்தின் வழியே பிறர்க்கு விலையின்றி வழங்குவர். இதனால் நிறுவனத்திற்கும் நன்மை உண்டு. புதிய களங்களை ஆட விரும்புவோர் மூல விளையாட்டை விலைகொடுத்து வாங்கியே ஆக வேண்டும் அன்றோ?

1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'டியூக் நியூக்கெம் 3டி' என்னும் விளையாட்டு வெளிவந்தது. அதில் 29 களங்கள் இருந்தன. மேலும் களங்களை அமைக்கும் கருவியும் உடன் இருந்தது. ஆட்டக்காரர்கள் ஆக்கியவற்றை இணையத்தில் வெளியிடுமாறு உரிமையாளராகிய ஃபார்ம்ஜென் நிறுவனம் ஊக்கமும் அளித்தது. ஆனால், அவற்றை விலையின்றியே வழங்குதல் வேண்டும் என்று விதித்திருந்தது. மைக்ரோ ஸ்டார் என்னும் வேறொரு நிறுவனம் அவ்வாறு வெளியிடப்பட்ட 300 களங்களைத் திரட்டி, ஒரு குறுவட்டிற் பதித்து, 'நியூக் இட்' என்னும் பெயரால் விற்றது. வழக்கு எழுந்தது.

அக்குறுவட்டில் ஃபார்ம்ஜென் நிறுவனத்தின் ஓவியம் ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் எந்தப் பொருள் நிற்க வேண்டும் என்னும் குறிப்புகளே இருந்தன. ஓவியங்கள் யாவும் ஆட்டக்காரர் முன்பே வாங்கிய விளையாட்டில் உள்ளன. குறிப்பைப் படித்துக் கணினி அவற்றை எடுத்துத் திரையில் அமைக்கும். ஆதலின் தான் எதனையும் படியெடுக்கவில்லை என்று மைக்ரோ ஸ்டார் வாதிட்டது. 1998-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அக்களங்கள் அதே வீரனின் கதையைத் தொடர்ந்து நடத்துகின்றன. தொடர்ச்சி ஆக்கும் உரிமை முதற்கதைக்கு உரியவரையே சாரும் என்பது தீர்ப்பின் கருத்து.

இத்தீர்ப்பு நேரியதே. முதல்நூலார் உழைப்பை வணிகப் பொருளாக்குதற்கு அவர் இசைவு வேண்டும். ஆயினும், ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. அந்த 300 களங்களையும் ஆக்கியவர்கள் அவ்வழக்கில் வாதிகளாகவும் இல்லை, எதிர்வாதிகளாகவும் இல்லை. நிறுவனங்கள் வழக்காடின. உழைத்தவர்களைப் பற்றிய பேச்சே அங்கு எழவில்லை.

மற்றொரு பூசலையும் காண்போம். 2002-இல் பிளிசார்டு நிறுவனம் 'வார்கிராஃப்ட் 3' என்னும் விளையாட்டைக் களம் அமைக்கும் கருவியோடு வெளியிட்டது. அக்கருவியால் ஆட்டக்காரர் ஒருவர் 'டோட்டா' என்னும் களத்தை ஆக்கினார். பிறர் பலர், ஒருவர்பின் ஒருவராக, அதனை வளர்த்தனர். காலப்போக்கில் அஃது உலகெங்கும் பரவிப் பெரும்புகழ் பெற்றது. பின்னர், அதனை வளர்த்தோருள் ஒருவரைப் பணியில் அமர்த்திக்கொண்ட வால்வ் நிறுவனம் அப்பெயரைத் தன் வணிகப் பெயராகப் பதிவுசெய்ய முயன்றது. பிளிசார்டு தடுத்தது. 2012-இல் இரு நிறுவனங்களும் உடன்பாடு கண்டன. வணிகத்தில் அப்பெயரை வால்வ் ஆளும். ஆட்டக்காரர் ஊதியம் கருதாது ஆக்கும் களங்களில் அப்பெயர் தொடரலாம் என முடிவாயிற்று. பிளிசார்டோ, 2020-இல் தன் விளையாட்டின் புதுப்பதிப்பை வெளியிட்டபோது, ஆட்டக்காரர் ஆக்கும் களங்கள் யாவும் தனக்கே உரியன என விதி வகுத்தது.

விளையாட்டு இல்லையேல் களம் ஏது, பெரும்பொருள் செலவிட்டவர் நாங்கள் அல்லமோ என்று நிறுவனத்தார் கேட்கலாம். அக்கேள்வியில் உண்மை உண்டு. ஆனால், நிலத்தை வாரத்திற்கு விட்டவர் விளைச்சலில் தம் பங்கைப் பெறுவதே முறை. உழுதவருக்கு ஒரு மரக்கால் நெல்லும் இல்லை என்பது முறையாகுமா? வாருங்கள், ஆக்குங்கள் என்று அழைத்துக் கருவியையும் கையிற் கொடுத்தவர், ஆக்கம் சிறந்து பொருள் தரும் நிலையில் ஆக்கியவரை மறத்தல் அறமன்று. சட்டம் அதற்கு இடம் தரலாம். சட்டம் இடம் தருவன யாவும் சால்புடையன ஆகா.

நேரிய வழி உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. வால்வ் நிறுவனம் ஆக்கி, 1998-இல் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப்' என்னும் விளையாட்டை மாற்றி அமைத்து, மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இளைஞர் இருவர் 1999-இல் 'கவுண்டர்-ஸ்டிரைக்' என்னும் விளையாட்டை ஆக்கினர். நிறுவனம் அவர்கள்மேல் வழக்குத் தொடுக்கவில்லை. 2000-இல் அவ்விளையாட்டின் உரிமையை அவர்களிடமிருந்து பெற்று, இருவரையும் பணியில் அமர்த்திக்கொண்டது. இளைஞர் உழைப்பு வீண்போகவில்லை. நிறுவனமும் இழப்பு எய்தவில்லை. அவ்விளையாட்டின் வழிவந்தவை இன்றும் ஆடப்படுகின்றன.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை இத்தகைய களங்களை ஆக்கக்கூடும். கருவியை எடுப்பதற்கு முன் அதனுடன் வரும் உடன்படிக்கையைப் படியுங்கள். பிறர் வரைந்த ஓவியத்தையும் அமைத்த இசையையும் எடுத்தாள நேர்ந்தால், இசைவு பெற்று, அவர் பெயரையும் குறிப்பிடுங்கள். விலையின்றிப் பெற்றதை விலைக்கு விற்க எண்ணாதீர்கள். உங்களுள் வேறு சிலர் பெரிய நிறுவனங்களை நடத்தும் நிலைக்கு உயரவும் கூடும். அப்போது, அழைப்பை ஏற்று உழைத்தவரின் பெயரையும் பங்கையும் காப்பது உங்கள் கடமை. முன்னவரை மதிக்கும் பணிவும், பின்னவரை மறவாத நேர்மையும் ஒருங்கே அமைந்தால், இத்தகைய வழக்குகளுட் பல எழவே மாட்டா.