காலைப் பார்க்காதீங்கோ, சலப்பையைப் பாருங்கோ

ஒரு நாய் வாகனத்தில் அடிபட்டு, பின்னங்கால் இரண்டும் இழுபட இழுபட வீட்டுப் படலைக்கு வந்து சேர்ந்தால் எங்கட ஊர்களில் இரண்டு கருத்துத்தான் வரும். "பேசாமல் ஊசியைப் போட்டு விடுங்கோ, அதுவும் பாவம் நீங்களும் பாவம்" என்பது ஒன்று. "ஐயோ, வாயில்லாத சீவனைக் கொல்லக் கூடாது, பாவம் சுத்தும்" என்பது மற்றது. இந்த இரண்டாவதைச் சொல்கிறவர்களில் கனபேர் அடுத்த கிழமையே அந்த நாயை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சந்தைக்குப் பின்னாலோ கோயில் வீதியிலோ இறக்கிவிட்டு வருவினம். ஊசி போடவில்லை, ஆகவே பாவமும் இல்லை. நாய் அங்கே சில நாளில் புழு வைத்துச் சாகும்.

எங்களுக்கு இந்த மூன்றாவது வழியோடுதான் சண்டை. ஊசி போடுவதா, வைத்துப் பார்ப்பதா என்பது நேர்மையான கேள்வி. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை நாங்கள் பிழையான இடத்தில் வைத்துக் கேட்கிறோம். "இனி நடக்குமோ?" என்று கேட்கிறோம். நடக்காத நாய் இரண்டு முன்னங்காலால் வளவு முழுக்க இழுபட்டுத் திரியும், சாப்பிடும், அணிலைக் கண்டால் குரைக்கும். அதனுடைய உயிரைத் தீர்மானிக்கிறது கால் இல்லை. சலப்பை.

அதுக்கு முதல் ஓர் எச்சரிக்கை. அடிபட்ட கதையோ விழுந்த கதையோ இல்லாமல் ஒரு நாய்க்குத் திடீரெனக் கால் இழுக்கிறது, வாய்நீர் வடிகிறது, கீழ்த்தாடை தொங்குகிறது, குரைக்கிற குரலும் மாறிப்போச்சு என்றால் அது விசர் நோயாக இருக்கலாம். விசர் என்றால் கடிக்க ஓடி வரும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். அடங்கிப் படுத்து, உடம்பு வழங்காமல் போகிற வகையும் உண்டு. அப்படியான நாயைத் தொடாமல் மிருக வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ சொல்லவேணும். கடித்திருந்தால், கீறியிருந்தால், காயத்திலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டிருந்தால் அந்த இடத்தைச் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணியுமாய் 15 நிமிசம் கழுவிப்போட்டு (கண், வாய் என்றால் தண்ணி மட்டும்) உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.

அடிபட்ட நாய்தான் என்று தெரிந்தால், தூக்கி மடியில் போடாமல் ஒரு பலகையில் அசையாமல் வைத்து வைத்தியரிடம் கொண்டு போங்கோ. வைத்தியர் பின்னங்கால் விரலை நெருக்கிப் பார்ப்பார். நாய் காலை இழுத்தால் வீட்டுக்காரருக்குச் சந்தோசம் வரும். ஆனால் அது மூளைக்குப் போகாமலே நடக்கிற அனிச்சைச் செயலாக இருக்கலாம். திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா என்பதுதான் விசயம். வலி தெரிகிறது என்றால் கிழமைகளில், மாதங்களில் திரும்ப எழும்புகிற வாய்ப்புக் கணிசமாக உண்டு. தெரியவில்லை என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. எதுவானாலும் வைத்தியர் பார்த்துச் சொல்ல முதல், ஊர் வாய் தீர்ப்பெழுதக் கூடாது. இன்னொன்று, "நோகுதாக்கும்" என்று மனிசருடைய வலி மாத்திரையைக் கொடுக்காதீங்கோ. இபுபுரோஃபன் நாய்க்கு நஞ்சு. பனடோலும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்கிற மருந்தில்லை.

இனிச் சலப்பைக்கு வருவோம். முள்ளந்தண்டு வடம் அடிபட்டால் பல நாய்களுக்குச் சலம் நிறைந்தது தெரியாது, தெரிந்தாலும் விட முடியாது. "அது தானாப் போகுதே, படுத்த இடமெல்லாம் ஈரம்" என்று சொல்லுவினம். பெரும்பாலும் அது போகிறது இல்லை, நிரம்பி வழிகிறது. வழிந்த பிறகும் உள்ளே தேங்கி நிற்கிற சலத்தில் கிருமி வளரும், அது சிறுநீரகத்துக்கு ஏறும். கால் வழங்காத நாய்களில் கனக்கச் சாகிறது காலால் இல்லை, இதால்தான்.

ஆகவே நாங்கள் அமத்தி எடுக்கவேணும். ஒரு நாளைக்கு 3 அல்லது 4 தரம். நாயைச் சரித்துப் படுக்க வைத்தோ, ஒருவர் பழைய சாரத்தை வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கிப் பிடிக்க நிற்க வைத்தோ செய்யலாம். விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் பின்னந்தொடைக்கும் இடையில், இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்துத் தேடினால் தண்ணி நிரப்பின பலூன் மாதிரி ஒன்று கையில் படும். விரல் நுனியால் குத்தாமல், கையைத் தட்டையாக வைத்து, மெல்ல மெல்லக் கூட்டி, வால் பக்கமாக ஒரே சீராக அமத்தவேணும். சலம் ஓடத் தொடங்கினால் அது நிற்கும்வரை கையை எடுக்கக் கூடாது. நின்ற பிறகு இன்னொரு தரம் தேடிப் பார்க்கவேணும்.

இதை வாசித்துவிட்டுத் தனியச் செய்து பார்க்க வேண்டாம். வைத்தியருடைய கைக்குக் கீழே உங்கட கையை வைத்துப் பழகுங்கோ. ஏனென்றால் எல்லா நாய்க்கும் ஒரே மாதிரி இல்லை. வடத்தில் மேலே அடிபட்டால் சலவாசல் இறுகி நிற்கும், அமத்த அமத்த வராது. கீழே அடிபட்டால் தளர்ந்து ஒழுகிக்கொண்டே இருக்கும். இறுகின சலப்பையைப் பலங்கொண்டு அமத்தினால் வெடிக்கும். அதைத் தளர்த்த மருந்து இருக்கிறது. ஆண் நாயில் வேலை கொஞ்சம் கடினம். சலம் கலங்கி, நாறி, இரத்தம் கலந்து வந்தால் அண்டைக்கே வைத்தியரிடம் போகவேணும். எரிவு இருந்தாலும் நாய்க்கு அது தெரியாமல் இருக்கலாம், ஆகவே எங்கட மூக்கும் கண்ணும்தான் அதுக்குக் காவல்.

மிச்சம் தோல். ஈரத்தில் கிடந்தால் வெந்து போகும், ஒரே பக்கம் கிடந்தால் இடுப்பெலும்பில் படுக்கைப்புண் வரும். 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிவிடுங்கோ. தண்ணியால் கழுவி, துவாயால் ஒற்றி, வசிலின் மெல்லிசாய்ப் பூசுங்கோ. பிள்ளைகளுக்குப் பூசுகிற துத்தநாகக் களிம்பு வேண்டாம், நக்கினால் நஞ்சு. எங்கட வெக்கைக்கு இலையான் ஒரு நாளில் முட்டை வைத்துவிடும், பகலிலும் நுளம்பு வலை போடுங்கோ. காயம் ஆறி, வைத்தியரும் சம்மதித்தால் எஸ்லோன் பைப்பிலும் பிள்ளைகளின் பழைய சைக்கிள் சில்லிலும் வண்டில் செய்யலாம். வண்டிலைத்தான் எல்லாரும் படம் எடுத்துப் போடுவினம். சலம் அமத்துகிறதை ஒருத்தரும் போடுவதில்லை.

அங்கேதான் எங்கட அடுத்த கேள்வி. யார் அமத்துவது? "நாங்க பாப்பம்" என்று வீட்டில் எல்லாரும் சொல்லுவினம். விடிய 6 மணிக்கும் மத்தியானமும் பின்னேரமும் இரவு 10 மணிக்கும் முழங்காலில் குந்தி இருக்கிறது அம்மாவோ அக்காவோதான். அன்பு எல்லாருடையதும், வேலை ஒருத்தியுடையதும் என்றால் அதை நாங்கள் இரக்கம் என்று சொல்ல மாட்டோம். நாயை வைத்திருப்பது என்று முடிவெடுக்கிற அன்றைக்கே கலண்டரில் பெயர் எழுதுங்கோ. குறைந்தது இரண்டு பேருக்கு அமத்தத் தெரிந்திருக்க வேணும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், கலியாணவீட்டுக்குப் போனால், நாயின் சலப்பை காத்திருக்காது.

இந்த அறிவு எங்களுக்குப் புதுசும் இல்லை. சலக்குழாய், படுக்கைப்புண், நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைக்கிறது எல்லாம் போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் வாழ்கிற வன்னி வீடுகளுக்கு நாளாந்தம். மனிசரையும் நாயையும் ஒரு தட்டில் வைக்க நாங்கள் வரவில்லை. ஆனால் அசையாத உடம்பைப் பார்த்தவுடனே "இதெல்லாம் ஒரு சீவியமோ" என்று கேட்கிற வாய் இரண்டு இடத்திலும் ஒரே வாய். அந்தக் கேள்வி அநேகமாக ஒரு நாளும் துவாய் பிடிக்காதவரிடம் இருந்துதான் வருகிறது.

2006 இலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை என்பது இலங்கை அரசின் கொள்கை. நல்லது. ஆனால் கொல்லாமல் விடுவது வேறு, வாழ வைப்பது வேறு. நாட்டிலுள்ள ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு மாட்டையும் ஆட்டையும் கோழியையும் பார்க்கவே நேரம் போதாது. தடுப்பூசி முகாம் நடக்கிற அன்றைக்கு, அடிபட்ட நாயை எப்படித் தூக்குவது, எப்படிச் சலம் எடுப்பது என்று அரை மணித்தியாலம் செய்து காட்டலாம். பெரிய காசு தேவையில்லை. இதைக் கேட்க வேண்டியது நாங்கள்தான்.

ஊசி போடுகிறதை நாங்கள் பாவம் என்று சொல்லவில்லை. வலி அடங்கவில்லை, கிருமி திரும்பத் திரும்ப வருகிறது, நாய் சாப்பாட்டை மறந்து மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறது, அல்லது வீட்டில் உண்மையிலேயே கை இல்லை என்றால், வைத்தியரின் ஊசியும் பராமரிப்பின் ஒரு பகுதிதான். அதைத் தலையில் கை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்து செய்யலாம்.

முடிவெடுக்க முதல் மூன்றைக் கேளுங்கோ: வலியை அடக்க முடியுமா? சலம் எடுக்கக் கை இருக்கிறதா? அந்தக் கை நாளைக்கும் இருக்குமா? மூன்றுக்கும் ஓம் என்றால் நாயை வைத்திருங்கோ. இல்லை என்றால் வைத்தியரிடம் போங்கோ. சந்தைக்குப் பின்னால மட்டும் போகாதீங்கோ.