மூன்று எழுத்தில் நம் பயணம்: ஐ.எக்ஸ்.எம். சொல்லும் செய்தி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கரிசல் காடு தரிசாகும். தறி நின்றால் வீட்டில் உலை கொதிக்காது. அதனால்தான் இங்கிருந்து ஏராளமானோர் துபாய், ரியாத், தம்மாம், சிங்கப்பூர் என்று பிழைப்புத் தேடிப் போகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் பயணச்சீட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். பலரும் அவற்றைக் கவனிப்பதில்லை. நம் பெட்டி எங்கே போய்ச் சேரும் என்பதை அந்த எழுத்துகள்தான் தீர்மானிக்கின்றன. நம் வட்டாரத்துக்கு இன்னும் எது கிடைக்கவில்லை என்பதையும் அவையே காட்டுகின்றன.

எழுத்துகள் வந்த விதம்

இந்தக் குறியீடுகளை வழங்குவது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா. உலகில் ஒரு விமான நிலையத்துக்கு உள்ள குறியீடு வேறொன்றுக்கு இருக்காது. சென்னையின் குறியீடு எம்.ஏ.ஏ.; மெட்ராஸ் என்ற பழைய பெயரிலிருந்து வந்தது. 1996-இல் நகரின் பெயர் மாறியது, குறியீடு மாறவில்லை. திருச்சி டி.ஆர்.இசட்., தூத்துக்குடி டி.சி.ஆர்., திருவனந்தபுரம் டி.ஆர்.வி.

நம் மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். ஊர்ப் பெயரோடு ஒட்டாதது போலத் தோன்றும். எம்.ஏ.டி. ஸ்பெயினின் மாட்ரிட் நகருக்கும், எம்.டி.யு. பப்புவா நியூகினியாவின் மெண்டிக்கும் உரியவை. இந்திய விமான நிலையங்கள் பலவற்றுக்கு ஐ.எக்ஸ். என்று தொடங்கும் குறியீடுகளே உள்ளன. சண்டிகர் ஐ.எக்ஸ்.சி., மங்களூர் ஐ.எக்ஸ்.இ. மதுரையும் அந்த வரிசையில் ஒன்று.

ஓர் எழுத்து மாறினால்

துபாய் டி.எக்ஸ்.பி.; டி.யு.பி. என்றால் அயர்லாந்தின் டப்ளின். தம்மாம் டி.எம்.எம்.; டி.ஏ.எம். என்றால் சிரியாவின் டமாஸ்கஸ். மதீனா எம்.இ.டி.; எழுத்து இடம் மாறி எம்.டி.இ. ஆனால் அது கொலம்பியாவில் உள்ள ஒரு நகரம். துபாயிலேயே இரண்டு விமான நிலையங்கள் உண்டு. அல் மக்தூம் நிலையத்தின் குறியீடு டி.டபிள்யூ.சி. அழைத்துப் போக வருபவருக்கு "துபாய்" என்று மட்டும் சொன்னால் அவர் வேறொரு நிலையத்தில் காத்திருக்கக்கூடும்.

எனவே பெட்டியை ஒப்படைத்ததும், அதில் ஒட்டிய சீட்டில் உள்ள கடைசிக் குறியீடு நாம் இறங்கும் ஊருக்கு உரியதுதானா என்று பாருங்கள். பத்து இலக்க எண் உள்ள துண்டுச் சீட்டை ஊர் சேரும்வரை பத்திரமாக வைத்திருங்கள். வளைகுடாவிலிருந்து மும்பை வழியாக மதுரை வருபவர்கள், சீட்டில் ஐ.எக்ஸ்.எம். என்று இருந்தாலும் பொதுவாக மும்பையிலேயே பெட்டியை எடுத்து, சுங்கச் சோதனை முடித்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டும். இது தெரியாமல் வெறுங்கையோடு மதுரையில் இறங்குபவர்கள் உண்டு.

பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் புகார் பதிவு செய்யுங்கள். இந்தியாவும் ஏற்றுக்கொண்ட மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சர்வதேசப் பயணத்தில் சேதமடைந்த பெட்டிக்கு 7 நாட்களுக்குள் புகார் தர வேண்டும். தாமதமாக வந்த பெட்டி என்றால், அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாட்களுக்குள் தர வேண்டும்.

குறியீடு இருக்கிறது, உரிமை?

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை சாலையில் போனால் பெருங்குடிக்கு அருகிலேயே விமான நிலையம். ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனாலும் நம்மவர்கள் பலர் திருச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும், ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னைக்கும் போய் விமானம் ஏறுகிறார்கள். ஏன்?

2012 செப்டம்பரிலேயே மதுரையிலிருந்து கொழும்புக்கு முதல் சர்வதேச விமானம் பறந்தது. ஆனால் ஒரு வெளிநாட்டு நிறுவனம் எந்தெந்த இந்திய ஊர்களுக்கு வரலாம் என்பதை இரு நாட்டு அரசுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தமே முடிவு செய்கிறது. ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளுடனான ஒப்பந்தங்களில் மதுரையைச் சேர்க்க வேண்டும் என்பது தென் மாவட்டங்களின் நீண்ட நாள் கோரிக்கை. ஷார்ஜாவின் ஏர் அரேபியா கோவைக்கு வருகிறது. சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்கள் திருச்சிக்கு வருகின்றன. மதுரைக்கோ இந்திய நிறுவனங்கள் மனம் வைத்தால்தான் வளைகுடா சேவை. 2025 ஜூனில் இண்டிகோ அபுதாபிக்குச் சேவை தொடங்கியது நல்ல செய்தி. ஆனால் போட்டி இல்லாத வழித்தடத்தில் கட்டணம் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊருக்கு வர விடுப்பு கிடைத்தும் கட்டணத்துக்கு அஞ்சிப் பயணத்தைத் தள்ளிப்போடும் தொழிலாளிக்குத்தான் இதன் வலி தெரியும்.

ஹாஜிகள் கற்ற பாடம்

எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதை நம் சமுதாயம் நேரிலேயே கண்டது. 2022 ஹஜ்ஜுக்குப் புறப்பாட்டு இடங்கள் 10 ஆகக் குறைக்கப்பட்டன. சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. எம்.ஏ.ஏ. இருக்க வேண்டிய இடத்தில் சி.ஓ.கே., அதாவது கொச்சி. தமிழக ஹாஜிகள், வயது முதிர்ந்தவர்கள் உட்பட, மாநிலம் கடந்து போய் விமானம் ஏறினார்கள். தமிழக அரசும் சமுதாய அமைப்புகளும் தொடர்ந்து வலியுறுத்தின. 2023-இல் சென்னை மீண்டும் பட்டியலில் இடம்பெற்றது, அல்ஹம்துலில்லாஹ்.

ஒன்றுபட்டுக் கேட்டால் கிடைக்கும் என்பதே இதில் உள்ள பாடம். மதுரைக்கான கோரிக்கை ஒரு சமுதாயத்துக்கு மட்டும் உரியதல்ல. நெசவாளி, விவசாயி, வளைகுடாத் தொழிலாளி என அனைவருக்கும் பொதுவானது. ஜமாஅத்துகளும் வணிகர் சங்கங்களும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இதை எழுத்துப்பூர்வமாகக் கொண்டு செல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் மதுரையின் பெயர் ஏறினால், நம் பிள்ளைகளின் சீட்டில் ஐ.எக்ஸ்.எம். இடம்பெறும் நாள் தூரமில்லை, இன்ஷா அல்லாஹ்.