போக இடம் சொல்லாத எச்சரிக்கை

ஈப்போ, குனோங் சீரோவில் 1973 அக்டோபர் 18ஆம் நாள் சுண்ணாம்புக்கல் மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து அடிவாரத்துக் குடியிருப்பின் மேல் விழுந்தது; ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 1996 ஆகஸ்ட் 29ஆம் நாள் கம்பார் அருகே போஸ் டிப்பாங்கில், சேறும் மரங்களுமாகப் பாய்ந்த பெருக்கு ஓராங் அஸ்லி பழங்குடியினரின் குடியிருப்பை வாரிச் சென்றது. 44 உயிர்கள் போயின. இரண்டும் மலேசியாவின் பேராக் மாநில மண்ணில் நடந்தவைதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே தீர்வு பொருந்தாது. சுண்ணாம்புப் பாறை மழையில்லாத நாளிலும் பெயரும். அதன் அடியில் வீடே இருக்கக் கூடாது. மண்சரிவும் சேற்றுப் பெருக்கும் பெரும்பாலும் கனமழையைத் தொடர்ந்து வருபவை. மழையை அளக்க முடியும் என்பதால் மக்களை முன்கூட்டியே வெளியேற்றவும் முடியும்.

நம் தற்காலிக நிவாரண மையங்களோ வெள்ளத்துக்குப் பழகியவை. தண்ணீர் வாசலுக்கு வந்தபின் பள்ளி மண்டபத்தைத் திறக்கும் வழக்கம் மலைச்சரிவில் உதவாது. இலங்கையின் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழைக்கு விழிப்பு, 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற்றம் எனப் படிநிலை வகுத்துள்ளது. அளவுகோல் மட்டும் போதாது என்பதற்கும் அந்நாடே சாட்சி. மீரியபெத்தை தோட்டத்து மக்களுக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை தரப்பட்டது. மாற்று வீடு தரப்படவில்லை. 2014 அக்டோபர் 29 காலை, அவர்களின் லயன் வரிசை வீடுகளை மண் மூடியது. ஆகவே பேராக்கில் சரிவோரக் குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் மழையளவு, செல்ல வேண்டிய மண்டபம், ஆற்றைக் கடக்காத பாதை, முதியோரை ஏற்றிச் செல்லும் வண்டி ஆகிய நான்கும் இப்போதே முடிவாகிப் பட்டியலிடப்பட வேண்டும்.

மக்களை வெளியேற்றியபின் சரிவே நிகழாமல் போனால் அடுத்த முறை மக்கள் நம்பமாட்டார்கள் என்பது நியாயமான ஐயம். ஹாங்காங் 1977 முதல் மழையளவை வைத்தே சரிவு எச்சரிக்கை விடுத்து, அதனுடன் தற்காலிகத் தங்குமிடங்களையும் திறந்து வருகிறது. எச்சரிக்கை விடும்போதெல்லாம் பெருஞ்சரிவு நேர்வதில்லை. அதற்காக அந்நகரம் முறையைக் கைவிடவில்லை. நாட்கூலிக்காரருக்கு ஒரு நாள் வெளியேற்றம் ஒரு நாள் சம்பள இழப்பு. அந்தத் தொகையை அரசு ஈடு செய்யட்டும். மீட்புப் பணியின் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிது. பெருந்தோட்டங்கள் துண்டுகளாக விற்கப்பட்ட பின் நிலப் பட்டா இல்லாமல் வாழ்வோரைப் பட்டியலில் சேர்த்தால் உரிமை கோருவார்கள் என்றும் தடை எழலாம். ஓரிரவு அடைக்கலம் நிலவுரிமை ஆகாது; பட்டா இல்லை என்று சரிவு யாரையும் விட்டுவைப்பதுமில்லை. அக்டோபர், நவம்பர் மழைக்கு முன் மாவட்ட அதிகாரிகள் இப்பட்டியலை வெளியிட்டு, குடியிருப்பு மக்களோடு ஒரு முறையேனும் அந்தப் பாதையில் நடந்து பார்க்க வேண்டும்.